மாடு ஏறிய சாலையில் சைக்கிள் இறங்கும்

கேள்வி: எனக்கு வயது 46. ஈரோட்டில் இருக்கிறேன். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் கியர் சைக்கிளில் 25, 30 கிலோமீட்டர் போய் வருகிறேன். எல்லாம் சமதளம்தான். மலை ஏறுவதற்கு மூட்டு இடம் கொடுக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஒருமுறையாவது மிதிக்காமல் ஒரு மணி நேரம் மலையிலிருந்து இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மேலே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து இறங்கலாம் என்று நினைக்கிறேன். இப்படி நீளமான இறக்கம் எங்கெங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் மைத்துனர் கொல்லிமலைக்குப் போகச் சொல்கிறார், 70 வளைவு இருக்கிறதாம். ஊட்டிதான் உயரம், அங்கேயே போ என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது? இறங்குவதில் ஆபத்து உண்டா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இருவருமே தவறான கணக்கைப் பார்க்கிறார்கள். மைத்துனர் வளைவை எண்ணுகிறார், நண்பர் உயரத்தை எண்ணுகிறார். சைக்கிளில் இறங்குபவர் பார்க்க வேண்டியது சரிவை. எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு இறங்குகிறது, அந்த இறக்கம் நடுவில் அறுபடாமல் வருகிறதா என்ற இரண்டும் தெரிந்தால் எந்த மலைச்சாலையையும் வீட்டிலிருந்தே எடைபோட்டுவிடலாம்.

எந்தச் சரிவு சுகமானது?

100 மீட்டர் தூரத்தில் 5 மீட்டர் இறங்கினால் சரிவு 5 சதவீதம். உங்கள் எடையும் சைக்கிளின் எடையும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து உட்கார்ந்து, மிதிக்காமல், பிரேக்கைத் தொடாமல் நேர்ச்சாலையில் விட்டால் 1 சதவீதச் சரிவில் வேகம் மணிக்கு 14 கிலோமீட்டர் அளவில் நின்றுவிடும். கொஞ்சம் எதிர்காற்று வீசினால் அதுவும் போய் மிதிக்க வேண்டிவரும். 2 சதவீதத்தில் சுமார் 24 வரும். 4 சதவீதத்தில் 37 வரை போகும். 8 சதவீதத்தில் 50-ஐத் தாண்டிவிடும். இவை தோராயக் கணக்குகள். டயர், உடை, காற்று ஆகியவற்றைப் பொறுத்து மாறும். ஆனாலும் ஒன்று தெளிவு. 2 சதவீதத்துக்குக் கீழே இறக்கம் என்ற உணர்வே வராது. 7-க்கு மேல் போனால் பிரேக்கிலிருந்து விரலை எடுக்க முடியாது. 3 முதல் 5 வரையிலான சரிவுதான் நீங்கள் ஆசைப்படும் இறக்கம்.

அதிர்ஷ்டவசமாக உலகத்தின் பெரிய மலைச்சாலைகள் பலவும் இந்த அளவைச் சுற்றியே இருக்கின்றன. ஹவாய்த் தீவுகளின் ஹாலியாகாலா எரிமலைச் சாலை 3,050 மீட்டர் உயரத்திலிருந்து கடலோரம் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இறங்குகிறது. சராசரி 5. லடாக்கில் கர்துங்லா கணவாயிலிருந்து லே நகரம் வரை சுமார் 40 கிலோமீட்டர். உயர வித்தியாசம் 1,850 மீட்டர் அளவு. அதுவும் 5-ஐ ஒட்டித்தான் வருகிறது. சைக்கிள்காரர்கள் தேடிப் போகும் பொலிவியாவின் பழைய யுங்காஸ் சாலையிலும், 4,600 மீட்டருக்கு மேலிருந்து 1,200 வரை 64 கிலோமீட்டர் இறங்கும்போது, சராசரி 5 சொச்சம்தான்.

இது தற்செயல் இல்லை. சாலை போடுபவர் இறங்குகிறவரை நினைத்துச் சரிவை முடிவு செய்வதில்லை, சுமையோடு ஏறுகிற வண்டியை நினைத்துத்தான் முடிவு செய்கிறார். இந்தியப் பொறியாளர்கள் இன்று பின்பற்றும் அளவுகோலிலும் மலைச்சாலைக்கு வழக்கமான சரிவு 5, 6 சதவீதம்தான். 8 என்பது விதிவிலக்கு. லாரிக்கு முன்பு மலையேறியது மாட்டு வண்டி. குன்னூரையும் கோத்தகிரியையும் சமவெளியோடு இணைத்த 19ஆம் நூற்றாண்டுச் சாலைகளில் சுமையோடு ஏறியவை காளைகள். வண்டிமாடு மூச்சு வாங்காமல் ஏற வேண்டுமென்றால் மலையைச் சுற்றிச் சுற்றித்தான் சாலையை நீட்ட வேண்டும். அப்படிச் சுற்றிப் போன சாலைகள்தாம் இன்று சைக்கிளுக்கு உகந்தவை. மாடு சிரமமில்லாமல் ஏறிய சாலையில் சைக்கிள் சிரமமில்லாமல் இறங்கும்.

வீட்டிலிருந்தே தேடுவது எப்படி?

முதலில் மேலே இருக்கும் இடத்துக்கும் அடிவாரத்துக்கும் கடல் மட்ட உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையம் உள்ள ஊரென்றால் வேலை சுலபம். மஞ்சள் பெயர்ப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். மேட்டுப்பாளையம் சுமார் 325, குன்னூர் ரயில் நிலையம் சுமார் 1,710, கோத்தகிரி சுமார் 1,800. பிறகு உயர வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்துவிடுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர், இறக்கம் 1,475 மீட்டர். சராசரி நாலரை சதவீதம்.

ஆனால் சராசரி ஏமாற்றும். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், உயர வித்தியாசம் 1,200 மீட்டருக்கு மேல். வகுத்தால் 4 வருகிறது. ஆனால் சேலம் நகரத்திலிருந்து அடிவாரம் வரை சாலை கிட்டத்தட்டச் சமதளம். மொத்த இறக்கமும் மீதி 20 கிலோமீட்டரில்தான் நடக்கிறது. அங்கே மட்டும் கணக்குப் போட்டால் சரிவு 5-ஐத் தாண்டும். அதனால் தூரத்தை மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஊரிலிருந்து ஊருக்கு எடுக்காதீர்கள்.

அடுத்தது, நடுவில் ஏற்றம் வருகிறதா என்று பார்ப்பது. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மலையூர்கள் எல்லாம் உச்சியில் இருப்பதில்லை, பல ஊர்கள் மேட்டுக்கு அப்பால் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கின்றன. வால்பாறை ஊரிலிருந்து ஆழியாறு நோக்கிக் கிளம்பினால் உடனே இறக்கம் வராது. கவர்க்கல் பக்கம் சாலை ஊரைவிட உயரத்துக்கு ஏறி, அதன் பிறகுதான் அட்டகட்டி வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும். மூணாறிலிருந்து போடிக்கு வருபவர்கள் தேவிகுளம் பக்கம் ஏறி, பூப்பாறைக்கு இறங்கி, போடிமெட்டுக்கு மறுபடி ஏறுவார்கள். உண்மையான இறக்கம் போடிமெட்டில்தான் ஆரம்பம். ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும் சாலையும் முதலில் தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏறுகிறது. அதனால் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மெட்டையும் கணவாயையும் தேடுங்கள். சாலை எந்த இடத்தில் கடைசியாக ஏறி முடிக்கிறதோ, அங்கே சைக்கிளை இறக்குங்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் பார்க்க இன்று கருவிகள் உண்டு. கணினியில் கூகுள் எர்த் புரோ வைத்துச் சாலை மேல் ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோட்டின் உயர வரைபடத்தைக் காட்டும். ரைட் வித் ஜிபிஎஸ், கோமூட், ஸ்ட்ராவா போன்ற சைக்கிள் செயலிகளில் பாதை வரையும்போதே கீழே உயரக்கோடு ஓடும். காகித வரைபடம் பழகியவர் என்றால் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். அதில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் சாலை 400 மீட்டர் ஓடினால் சரிவு 5. 250 மீட்டர் மட்டுமே ஓடினால் 8.

செயலிகளை நம்பும்போது ஓர் எச்சரிக்கை. அவற்றில் பலவற்றின் உயரக் கணக்குக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் மூலம் பூமியை அளந்த விவரம். அது நிலத்தை ஏறத்தாழ 30 மீட்டர் கட்டங்களாகத்தான் பார்க்கிறது. மலையைக் குடைந்து போட்ட சாலையின் அகலம் அதில் கால்வாசி. அதனால் சாலையின் உயரத்துக்குப் பதில் பக்கத்துச் சரிவின் உயரம் பதிவாகிவிடும். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள இடத்தில் திடீரென்று 20 சதவீதச் சரிவு என்றும், இறக்கத்தின் நடுவே இல்லாத ஏற்றம் என்றும் காட்டும். அப்படி ஊசி ஊசியாகக் குத்தி நிற்கும் இடங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்குச் சேர்த்துப் பார்த்த சராசரியை நம்புங்கள்.

கடைசிச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். இறங்கப்போகும் சாலையில் பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து ஒருமுறை ஏறிப் பாருங்கள். எந்த வளைவில் ஜல்லி கிடக்கிறது, எங்கே வேகத்தடை, எங்கே தண்ணீர் சாலையில் ஓடுகிறது, டிரைவர் எங்கெல்லாம் முதல் கியருக்கு மாற்றுகிறார் என்று கவனியுங்கள். முதல் கியர் அடிக்கடி விழுந்தால் அந்தச் சாலை உங்களுக்கு வேண்டாம்.

எந்த மலை?

உங்கள் மைத்துனரின் கொல்லிமலையை இப்போது பார்க்கலாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அப்படிப்பட்ட ஒரு வளைவை நிதானமாகத் திரும்ப மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் வேகம் இருக்க வேண்டும். ஆக 70 முறை வேகம் எடுத்து, 70 முறை அதைப் பிரேக்கில் தொலைக்க வேண்டும். வேடிக்கை பார்க்க நல்ல சாலைதான். முதல் இறக்கத்துக்கு ஏற்றதில்லை.

நண்பரின் ஊட்டி உயரம்தான், சுமார் 2,240 மீட்டர். குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வரை 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல், மொத்த இறக்கம் 1,900 மீட்டர். எண்ணிக்கையில் தமிழ்நாட்டில் இதுபோல் மற்றொன்று அரிது. ஆனால் குன்னூர் வரை ஊரும் கடையும் போக்குவரத்துமாகவே இருக்கும். குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸும் லாரியும் ஓயாமல் போகும் சாலை. வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவும் சகஜம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுச் சாலை நினைப்பில் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். மோட்டார் வண்டிகளுக்கே பிரேக் பிடிக்காமல் போகிற செங்குத்து அது. வெளியூர் வண்டிகளைப் போலீஸார் அதில் இறங்க விடுவதில்லை.

முதல் இறக்கத்துக்கு நான் சொல்வது கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலை. ஈரோட்டுக்கும் தூரமில்லை. சரிவு சீரானது, வளைவுகள் பெரும்பாலும் அகலமானவை, தேயிலைத் தோட்டத்தில் தொடங்கிக் காட்டுக்குள் நுழைந்து பாக்குத் தோப்பில் முடியும். கோடை சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக்கிவிடுவார்கள். எதிரே வண்டி வராதே என்று சந்தோஷப்பட வேண்டாம், திரும்பிப் போகும் சுற்றுலா வண்டிகள் அத்தனையும் உங்கள் முதுகில் இருக்கும். சீசனைத் தவிர்த்துவிடுங்கள். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை சுற்றுவட்டாரத்தில் யானைகள் பழத்துக்கு வரும். அந்த மாதங்களில் வெயில் ஏறிய பிறகு இறங்குங்கள், அதிகாலையும் அந்தியும் வேண்டாம்.

அது பழகிய பிறகு ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கடுத்துப் போடிமெட்டு–போடிநாயக்கனூர்: 17 வளைவுகள், ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம், கீழே விரியும் கம்பம் பள்ளத்தாக்கு. நாள் முழுவதும் ஒதுக்க முடிந்தால் கொடைக்கானல். அங்கிருந்து வத்தலக்குண்டு வரை 50 கிலோமீட்டருக்கு மேல் வரும் சாலை 1,750 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. போக்குவரத்து அதிகம் என்று தோன்றினால் பெருமாள்மலையில் பிரிந்து பழனிக்கு இறங்கும் சாலை இருக்கிறது. இன்னும் நீளமானது, சராசரிச் சரிவும் குறைவு.

இரண்டு இடங்களுக்குப் போகவே வேண்டாம். ஒன்று, தருமபுரி–சேலம் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய். கனரக லாரிகள் கட்டுப்பாடு இழக்கும் இடம் என்று பெயர் எடுத்தது. மற்றது, 27 வளைவுள்ள திம்பம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் லாரிக்கும் காட்டு விலங்குக்கும் நடுவில் சைக்கிளுக்கு இடமில்லை.

இறங்குவதில் ஆபத்து எங்கே?

ஆபத்து உண்டு, ஆனால் வேகத்தில் மட்டும் இல்லை. 85 கிலோ எடை கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் இழக்கும் ஆற்றல், நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும், மீதி பெரும்பாலும் பிரேக்கில் சூடாக வெளியேற வேண்டும். ரிம் பிரேக் என்றால் அந்தச் சூடு ரிம்முக்குள் ஏறி ட்யூபைத் தாக்கும், ட்யூப் வெடிக்கவும் கூடும். டிஸ்க் பிரேக் என்றால் பிடிமானம் தளரும். பயத்தில் வழிநெடுகப் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே வருவதுதான் இதற்கு முக்கியக் காரணம். நேர்ச்சாலையில் விட்டுவிடுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், மார்பில் அடிக்கும் காற்றே பாதி பிரேக். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் போகும்போது விட்டுவிடுங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கைதான் முன் பிரேக். உங்களுடையதில் எது என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு, பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று பிரேக்கை ஆறவிடுங்கள். விரலும் அதற்குள் மரத்திருக்கும்.

கம்பி பிரேக் வைத்த பழைய இரும்பு சைக்கிளில் மலை இறங்க வேண்டாம். ரிம் நனைந்தால் அதில் பிரேக் இருப்பதும் இல்லாததும் ஒன்று. உங்கள் கியர் சைக்கிளுக்குப் பிரேக் கட்டை புதிதாகப் போடுங்கள், கேபிள் இழை பிரிந்திருக்கிறதா பாருங்கள், டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், ஹேண்டில் ஆடாமல் இறுக்கச் சொல்லுங்கள். வேகத்தில் முன்சக்கரம் நடுங்க ஆரம்பித்தால் ஹேண்டிலோடு மல்லுக்கட்டாதீர்கள். இரு முழங்காலாலும் மேல்குழாயைக் கவ்விப் பிடித்து, மெல்ல வேகத்தைக் குறையுங்கள்.

மலைச்சாலை சட்டமும் தெரிந்திருக்கட்டும். அகலம் போதாத இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலுரிமை, இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும். வளைவில் பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். கீழிருந்து ஹார்ன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள்.

சைக்கிளை மேலே கொண்டுபோவது எப்படி என்றால், மேட்டுப்பாளையம் மண்டிகளில் மலைக்காய்கறி இறக்கிவிட்டு வெறுமனே ஏறும் பிக்கப் வண்டிகளிடம் கேட்கலாம். நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி பேசிவிடலாம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். நீலகிரியின் டி.என். 43 பதிவெண் வண்டிக்கு அங்கே அது தேவையில்லை, எனவே வண்டி பேசும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குச் சொந்தப் புட்டி எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்கு நீலகிரியில் தடை.

உங்களுக்கான திட்டம் இதுதான். பிப்ரவரியில் ஒரு வார நாள். காலை எட்டு மணிக்குக் கோத்தகிரியில் டீ குடித்துவிட்டு, பனி விலகிய பிறகு கிளம்புங்கள். மேலே குளிரும், சட்டைக்குள் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டால் காற்று நெஞ்சில் ஏறாது, பாதி வழியில் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஹெல்மெட் கட்டாயம். மிதிக்காவிட்டாலும் நடுநடுவே பெடலைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள், அசையாமல் குளிர்ந்த மூட்டு கீழே வந்து மிதிக்கும்போது வலிக்கும். நின்று நிதானமாக வந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் வந்துவிடுவீர்கள். மைத்துனரையும் கூட்டிப் போங்கள். 70 வளைவுக் கொல்லிமலையைப் பற்றி அதன் பிறகு அவரே வேறு மாதிரி பேசுவார்.